குதிரைக்குப் படுக்கையாகத் தேங்காய் நார்த்தூள்: பதினாலு மாதம் போட்டுப் பார்த்த அனுபவம்

என் குதிரை செவலைக்கு இருமல் வந்த பிறகுதான் நான் லாயத்தின் தரையைக் கவனிக்க ஆரம்பித்தேன். அதுவரைக்கும் கொள்ளு, புல், லாடம், குடற்புழு மருந்து என்று இதிலேயே கவனம் இருந்தது. படுக்கை என்றால் வைக்கோல், அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கி வந்த கத்தியவார் கலப்புப் பெட்டைக் குதிரை அவள், வந்த முதல் நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. மார்கழியில் ஆரம்பித்தது. காலையில் வெளியே கொண்டுவந்து நடத்துகிற முதல் பத்து நிமிடத்தில் ரெண்டு மூணு இருமல், அப்புறம் நின்றுவிடும். ஓட்டம் முடிந்து தலையைத் தாழ்த்தினால் மூக்கில் வெள்ளையாகக் கொஞ்சம் சளி. காய்ச்சல் இல்லை, தீனியும் குறையவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். அவளைத் தொடுவதற்கு முன்னால் கீழே கிடந்த வைக்கோலில் ஒரு கை அள்ளி வெயிலுக்கு நேராக உதறிக் காட்டினார். புகை மாதிரி எழுந்தது. இது குதிரைக்கு வருகிற ஆஸ்துமாவின் ஆரம்பம், மருந்து கொடுத்தால் இப்போதைக்கு அடங்கும், ஆனால் இந்தக் காற்றையே மறுபடி இழுத்தால் மறுபடி வரும் என்றார். குதிரைக்கு வாயால் மூச்சுவிட முடியாது, எல்லாமே மூக்கு வழியாகத்தான். அதிலும் கண்ணுக்குத் தெரிகிற தூசு மூக்கிலேயே நின்றுவிடும், ஐந்து மைக்ரானுக்கும் குறைவான பொடியும் பூஞ்சை வித்தும்தான் நுரையீரலின் அடி வரைக்கும் போகும். ஈரத்தோடு கட்டுக் கட்டிய வைக்கோலில் அந்த வித்து கோடிக்கணக்கில் இருக்கும். எங்கள் பக்கம் இப்போது அறுவடை இயந்திரத்துக்குப் பின்னாலேயே கட்டு கட்டும் இயந்திரம் வந்துவிடுகிறது, அந்தக் காலம் போல நாலு நாள் காயப்போட்டுப் போர் வைக்கிற பழக்கம் போய்விட்டது, அதனால் கட்டின் நடுவில் கை விட்டால் சூடும் சாம்பல் நிறப் பூசணமும் இருப்பது சாதாரணம்.

அங்கே ஆரம்பித்துத் தேங்காய் நார்த்தூளுக்கு வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. உடுமலைப் பக்கம் தோட்டத்தில் இருந்துகொண்டு, சுற்றிலும் தென்னையும் பொள்ளாச்சி வரைக்கும் நார் மில்லுமாக இருக்கிற இடத்தில், கடைசியாகத்தான் அது என் கண்ணில் பட்டது. இடையில் போட்டுப் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

உமி. அரிசி ஆலையில் மலிவாகக் கிடைக்கிறது, கொண்டுவந்து கொட்டினால் வேலை முடிந்தது. ஆனால் ஈரத்தை அது பிடிப்பதே இல்லை. மூத்திரம் அதன் ஊடே இறங்கித் தரையில் தேங்கி நிற்கும், மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். குதிரை காலை வைத்தால் உமி வழுக்கிக்கொண்டு விலகி வெறும் சிமெண்ட் தெரியும். கொள்ளுத் தொட்டியில், கண் ஓரத்தில், வால் மயிரில் என்று எங்கே பார்த்தாலும் உமி. மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டேன்.

தச்சுப்பட்டறைச் சீவல், அதாவது இழைப்புளியில் சுருண்டு வருவது, உண்மையிலேயே நல்ல படுக்கை. மெத்தென்று இருக்கும், தூசு குறைவு, வாசனையும் நன்றாக இருக்கும். மேல்நாடுகளில் பைன், ஸ்ப்ரூஸ் மரத்தை உலர்த்தி, தூசை உறிஞ்சி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பொதியில் குதிரைக்கென்றே விற்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறையில் கிடைப்பது அது இல்லை. எந்த மரம் என்று யாருக்கும் தெரியாது, பிளைவுட் அறுத்த பொடியும் பாலிஷ் தேய்த்த பொடியும் அதே மூலையில்தான் கூட்டித் தள்ளப்படுகிறது. அமெரிக்காவில் கறுப்பு வால்நட் மரச் சீவல் கொஞ்சம் கலந்திருந்தாலே அதன் மேல் நின்ற குதிரைக்கு ஒரு நாளுக்குள் குளம்பு வீங்கி நடக்க முடியாமல் போகும், அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அந்த மரம் நம் ஊரில் இல்லை, சரி, ஆனால் எந்த மரம் என்ன செய்யும் என்று தெரியாமல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதோடு இரண்டாவது சாக்கிலேயே ஒன்றரை அங்குல ஆணி இருந்தது. அத்தோடு விட்டாயிற்று.

ரப்பர் பாய் விரித்தால் படுக்கையே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். காலுக்கு நல்லதுதான், என் லாயத்திலும் இருக்கிறது, ஆனால் அது மூத்திரத்தைக் குடிக்காது. பாயின் இணைப்பு வழியே கீழே இறங்கியது அங்கேயே நின்று நாறும். தரைக்கு நல்ல வாட்டம் இருந்து, பாயை மாதம் ஒருமுறையாவது தூக்கிக் கழுவ ஆள் இருந்தால்தான் அது பலன் தரும். அப்போதும் மேலே ஏதாவது ஒன்று வேண்டும். குதிரை நின்றுகொண்டே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும், வெறும் பாயில் படுக்கத் தயங்கும். செவலை உமி மேல் ஒரு நாளும் படுத்து நான் பார்த்ததில்லை. படுத்திருந்தால் காலையில் விலாவில் ஒட்டியிருக்குமே, அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

சமையல்கட்டுத் தராசை வைத்து நானே ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் 100 கிராம், பழைய வேட்டித் துணியில் முடிச்சுப் போட்டு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் சொட்டு நிற்கும் வரை தொங்கவிட்டு மறுபடி எடை. வைக்கோலும் சீவலும் தன் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தண்ணீர் பிடித்தன. வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டால் இன்னும் கொஞ்சம் கூடுகிறது, அதன் மேல்தோலில் மெழுகு இருப்பதால் தண்ணீர் வெட்டுவாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. உமி எல்லாவற்றிலும் கடைசி. நார்த்தூள் ஆறு மடங்கைத் தாண்டியது. விற்கிறவர்கள் எட்டு மடங்கு என்பார்கள், நல்ல காய்ந்த சரக்காக இருந்தால் அதுவும் வரலாம். ஒரு குதிரை ஒரு நாளைக்கு ஐந்து முதல் பத்து லிட்டர் வரை மூத்திரம் பெய்யும், பச்சைத் தீவனம் கூடினால் அதற்கு மேலும் போகும் என்று வைத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

இனி நார்த்தூளுக்கு வருகிறேன். தேங்காய் மட்டையில் நாரை உரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற தூள், மில்லில் பித் என்றுதான் சொல்வார்கள், மாடித்தோட்டக்காரர்களுக்குக் கோகோபீட். முதலில் நான் வாங்கியது தோட்டத்துக்கு விற்கிற 5 கிலோ கட்டி. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஐந்து அங்குல கனம். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்: குதிரைப் படுக்கைக்குக் கட்டி வாங்காதீர்கள். அது மலிவாகத் தெரியும், அடுக்கி வைக்க இடம் மிச்சம், 20 கட்டி இருந்தால் 12 அடிக்கு 12 அடி லாயத்தில் நாலு அங்குலம் நிரம்பும் என்று கணக்கும் சரியாக வரும். ஆனால் அந்தக் கட்டி உப்பி உதிர வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் இருபது லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றினால் என்ன ஆகும்? குதிரையின் மூத்திரத்துக்கு இருக்க வேண்டிய இடத்தை நாமே தண்ணீரால் நிரப்பிவிடுகிறோம். நான் அதைச் செய்தேன், நாலாவது நாள் லாயம் சேறு. தண்ணீர் இல்லாமல் கட்டியை உடைக்கலாம், கடப்பாரையால் உடைத்தும் பார்த்தேன், அப்போது பறக்கிற பொடி வைக்கோலை விட மோசம். கட்டிகளை வெண்டைப் பாத்திக்குப் போட்டுவிட்டேன்.

வாங்க வேண்டியது மில்லில் கொட்டிக் காயவைத்த உதிரித் தூள். சலித்து, குட்டை நாரும் மட்டைத் துண்டும் கொஞ்சம் போல இருக்கிற சரக்கு. செடிக்குப் போடுகிறவர்கள் உப்புச் சத்து குறைந்த, நல்ல தண்ணீரில் கழுவிய தூளைக் கேட்பார்கள், அதற்கு விலை கூட. படுக்கைக்கு அவ்வளவு கழுவல் தேவையில்லை, ஆனால் சுத்தமாகக் கழுவாததும் வேண்டாம். உப்புச் சுவைக்குக் குதிரை தரையை நக்க ஆரம்பித்துவிடும், செவலை நக்கினாள். லாயத்தில் ஒரு உப்புக்கட்டி தொங்கவிட்டு, ஒரு கழுவல் கழுவிய சரக்குக்கு மாறினேன், நின்றுவிட்டது.

ஈரத்தை உறிஞ்சுவதும் தூசு இல்லாமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று எதிர். இதைப் பிடித்துக்கொண்டால் படுக்கை விஷயத்தில் பாதி தெரிந்த மாதிரி. எவ்வளவுக்கெவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் குடிக்கும், அவ்வளவு பறக்கவும் செய்யும். நார்த்தூளில் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க ஒரு பதம் இருக்கிறது, வைக்கோலிலோ உமியிலோ அந்தப் பதமே கிடையாது. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உருண்டையாக நிற்கக் கூடாது, விரலிடுக்கில் மாவு போல வழியவும் கூடாது. விரித்தவுடன் மெதுவாக விரிசல் விட்டு உதிர வேண்டும், உள்ளங்கையில் லேசாக ஜில்லென்று இருக்க வேண்டும், ஆனால் ஈரம் ஒட்டக் கூடாது. மில்லிலிருந்து வந்தது ரொம்பக் காய்ந்திருந்தால் விரிப்பதற்கு முந்தின சாயங்காலம் பூவாளியில் லேசாகத் தெளித்துப் புரட்டி வைத்தால் போதும். விரிக்கிற நேரத்தில் குதிரையை வெளியே கட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து உள்ளே விடுங்கள். எந்தப் படுக்கையானாலும் கிளறுகிற நேரத்தில்தான் காற்றில் தூசு அதிகம்.

இன்னொன்று, மணல். மண் களத்தில் காயவைத்து வாரிய சரக்கில் மணல் கட்டாயம் இருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தூள் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்தால் தூள் மேலே நிற்கும், மணல் ஐந்து நிமிடத்தில் அடியில் கோடு போட்ட மாதிரி உட்காரும். எனக்கு மூன்றாவது லோடு கொடுத்தவர், பேரைச் சொல்ல வேண்டாம், சிமெண்ட் களத்துச் சரக்கு என்று சொல்லிக் கொட்டிவிட்டுப் போனார். டம்ளரில் ஒரு விரல் கனத்துக்கு மணல். கூப்பிட்டுச் சொன்னால் செடிக்கு மணல் நல்லதுதானே சார் என்கிறார். குதிரை தரையில் சிந்திய கொள்ளைப் பொறுக்கும்போது மணலும் சேர்ந்து உள்ளே போய்க் குடலில் தங்கினால் வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்து, இதை எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு அது செடிச் சரக்குதான். அன்றிலிருந்து டம்ளர் சோதனை செய்யாமல் நான் வண்டியிலிருந்து ஒரு சாக்கும் இறக்குவதில்லை.

அன்றாட வேலை எப்படி என்று கேட்டால், எனக்குக் குறைந்திருக்கிறது. நாலு அங்குலம் விரித்திருக்கிறேன், ஓரங்களில் ஆறு. யூரியாச் சாக்குக் கணக்கில் 12க்கு 12 லாயத்துக்கு 17, 18 சாக்கு பிடிக்கும். வைக்கோலில் மூத்திரம் பரவிக்கொண்டே போகும், நார்த்தூளில் பெய்த இடத்திலேயே நின்று கட்டியாகிவிடுகிறது. காலையில் லத்தியை வாரியால் அள்ளிவிட்டு, அந்த ஈரத் திட்டை மட்டும் தோண்டி எடுத்தால் ஒன்றரை, இரண்டு பாண்டுச் சட்டி. அவ்வளவுதான். பக்கத்துத் தூளை இழுத்து மூடிவிட்டு, வாரத்துக்கு இரண்டு சாக்கு புதிதாகப் போடுகிறேன். முழுதாக மாற்றுவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒரு சிரமம், தூள் கரும்பழுப்பு நிறம் என்பதால் ஈரத் திட்டு கண்ணுக்குத் தெரியாது. முதல் மாதம் நிறைய விட்டுவிட்டேன். காலால் மிதித்துப் பார்த்தால் கனமாக அமுங்கும், அந்தப் பழக்கம் வந்துவிட்டால் பிரச்சனை இல்லை.

நாற்றத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டது லாயத்தில் உதவிக்கு வருகிற பெரியவரிடம். வண்டிக் குதிரை காலத்திலிருந்து குதிரையோடு இருக்கிறவர். முதல் வாரம் நான் வாசலில் நின்றுகொண்டு, நாத்தமே இல்லையே ஐயா என்றேன். அவர் என் தோளைப் பிடித்து, "நின்னு மோந்தா என்ன தெரியும் தம்பி, அது படுக்கற ஒசரத்துல மோந்து பாருங்க" என்றார். மண்டியிட்டு முகத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கொண்டுபோனேன். அப்போது தரையில் இருந்தது வைக்கோல். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூத்திரத்தில் இருக்கிற யூரியாவைப் பாக்டீரியா உடைத்து அமோனியா ஆக்குகிறது, அது பிறக்கிற இடம் தரை, அதனால் படுத்திருக்கிற குதிரையின் மூக்குக்குத்தான் முதலில் போகிறது. ஏற்கனவே தூசால் புண்பட்ட மூச்சுக்குழாய்க்கு அது இன்னும் எரிச்சல். அன்றிலிருந்து காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்தவுடன் மண்டியிட்டு ஒரு மூச்சு இழுத்துப் பார்க்கிறேன். நார்த்தூளில் மூத்திரம் பெய்த இடத்துக்கு நேர் மேலே மட்டும் லேசாக ஏறுகிறது, இரண்டடி தள்ளினால் ஈர மட்டை வாசம்தான். தூள் கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது, அமோனியாவைப் பறக்கவிடாமல் பிடித்து வைக்க அதுவும் உதவுகிறது. இதைக் கெடுக்கிற மாதிரி மேலே சுண்ணாம்பு தூவாதீர்கள். சுண்ணாம்பு காரம், அது பட்டால் பிடித்து வைத்த அமோனியா கிளம்பி வெளியே வரும், சுட்ட சுண்ணாம்பானால் தோலும் குளம்பும் வெந்துபோகும்.

இருமல் என்ன ஆனது என்பதுதானே முக்கியம். ஆறேழு வாரத்தில் நின்றது. படுக்கை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அதே சமயத்தில் காய்ந்த புல்லைத் தண்ணீரில் முக்கிக் கொடுக்க ஆரம்பித்தோம், உயரத்தில் கட்டியிருந்த புல் வலையை எடுத்துவிட்டுத் தரையில் போட்டோம். குதிரையின் மூக்கு நாள் முழுக்கப் புல்லுக்குள்தான் இருக்கிறது, படுக்கையை மாற்றிவிட்டுப் பூசணம் பிடித்த புல்லைத் தொங்கவிட்டால் பாதி வேலைதான் ஆகும். ஆனால் நடுவில் தூள் தீர்ந்து பத்து நாள் வைக்கோலுக்குத் திரும்பினோம், புல்லை முக்கிக்கொண்டுதான் இருந்தோம், எட்டாவது நாள் காலையில் மறுபடி இரண்டு இருமல். எனக்கு அது போதும். குளம்பும் தேறியிருக்கிறது. அடியில் நடுவே முக்கோணமாக மெத்தென்று இருக்கிற பகுதியின் பள்ளத்தில் கறுப்பாக அழுகி ஒரு நாற்றம் இருந்தது, லாடம் அடிக்க வருகிறவர் இப்போது காய்ந்து கெட்டியாக இருக்கிறது என்கிறார்.

குறைகளைச் சொல்கிறேன். மயிலை என்று இன்னொரு மட்டக்குதிரை இருக்கிறான், வெள்ளைக்குப் பக்கத்து நிறம். காலையில் எழுந்தால் ஒரு பக்கம் முழுக்கத் தேநீர்க் கறை. நார்த்தூளில் இருக்கிற டானின் ஈரத்தில் சாயம் விடும், சும்மா துடைத்தால் போகாது. கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் விழாவுக்கும் வெள்ளைக் குதிரை அனுப்புகிறவர்களுக்கு இது ஒத்துவராது, தயவுசெய்து வாங்காதீர்கள். அப்புறம் ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்கள் ஊருக்கு வருகிற காற்றை நம்பித்தான் இங்கே காற்றாலையே நட்டிருக்கிறார்கள், மேற்குப் பக்கம் திறந்த கொட்டகையில் நார்த்தூளை விரித்தால் மதியத்துக்குள் பாதி தூள் கிழக்குச் சுவரோரம் குவிந்துவிடும். மேற்கே படுதா கட்டி, காற்று மாதங்களில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தெளிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் நேர் எதிர், காற்றிலிருக்கிற ஈரத்தையே குடித்துவிட்டுக் கனத்துப்போகிறது, மில்லிலும் களம் நனைந்து காய்ந்த சரக்கே கிடைக்காது. குட்டி போடப்போகிற பெட்டைக்கும் இது வேண்டாம், ஈரத்தோடு பிறக்கிற குட்டியின் மூக்கிலும் தொப்புளிலும் தூள் அப்பிக்கொள்ளும், அந்த ஒரு மாதத்துக்கு நன்றாகக் காய்ந்த, பூசணம் இல்லாத வைக்கோல்தான் சரி. படுக்கையைத் தின்கிற பழக்கம் உள்ள குதிரையானால் முதல் வாரம் கூடவே இருந்து பாருங்கள். என்னுடைய இரண்டும் தின்னவில்லை, ஆனால் வைக்கோலைத் தின்றுகொண்டிருந்த செவலைக்கு அதற்குப் பதிலாகப் புல்லைக் கூட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது, அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

செலவு என்று பார்த்தால் தூளை விட வண்டி வாடகைதான் பெரிது. மில்லுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு வைக்கோலை விட மலிவாக முடியும், தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறவர் பொள்ளாச்சியிலிருந்து லோடு எடுத்தால் கட்டாது.

எடுத்த படுக்கை வீணாவதில்லை. நார்த்தூள் தனியாக மட்க வருடக்கணக்கு ஆகும், அதில் கரிமம் தழைச்சத்தைப் போல 112 மடங்கு. அதனால்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகம் யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் போட்டு மட்கவைக்கச் சொல்கிறது. லாயத்திலிருந்து வருவதில் மூத்திரமும் லத்தியும் ஏற்கனவே கலந்திருப்பதால் அந்த வேலை பாதி முடிந்த மாதிரி, ஈரம் காயாமல் பார்த்துக் கிளறிவிட்டால் ஐந்தாறு மாதத்தில் கருப்பாகப் பொலபொலவென்று வருகிறது. ஆனால் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குவியல்தான் காண்டாமிருக வண்டு முட்டை போடத் தேடுகிற இடம். என் குவியலைக் கிளறியபோது கட்டைவிரல் கனத்தில் வெள்ளைப் புழு சுருண்டு சுருண்டு கிடந்தது, நாற்பதுக்கு மேல் பொறுக்கினோம். விட்டிருந்தால் அத்தனையும் வண்டாகித் தென்னங்குருத்தைத்தான் குடைந்திருக்கும். இப்போது அந்தப் புழுவைக் கொல்கிற மெட்டாரைசியம் பூஞ்சையைத் தண்ணீரில் கலந்து குவியலில் ஊற்றுகிறேன், மாதம் ஒருமுறை கிளறிப் பொறுக்குவதையும் விடவில்லை.

மில்லில் புரட்டாசிக்குள் இரண்டு லோடு காய்ந்த சரக்கு சொல்லி வைத்திருக்கிறேன், தை வரைக்கும் வர வேண்டும். சாளைக் கொட்டகையின் வடக்குப் பக்கத் தகரத்தில் மழைச் சாரல் அடிக்கிறது, அதை அடைத்துவிட்டு, செங்கல் வைத்துத் தரையிலிருந்து அரை அடி தூக்கிப் பலகை போட்டு, அதன் மேல்தான் சாக்குகளை அடுக்க வேண்டும்.